நான்காம் கூறு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவர் ஒரு கூறு. நோய் தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. இம்மூன்றோடு அவர் நிறுத்தியிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் நிறுத்தவில்லை. நோயாளியின் அருகிலிருந்து, வேளை தவறாமல் மருந்தூட்டிப் பேணுபவரை நான்காம் கூறாக வைத்தார்.

அவர் வகுத்த நான்கையும் நாம் எப்படிப் போற்றினோம்? நோயாளிக்கு இரக்கம் தந்தோம். மருத்துவருக்குப் புகழ் தந்தோம். மருந்துக்குச் சந்தை தந்தோம். பக்கத்தில் இருந்தவருக்கு? 'பொறுமைசாலி' என்ற பட்டத்தைத் தந்தோம்! பட்டம் கொடுத்த கையோடு அவரை மறந்தும் போனோம். நாடு மட்டுமா மறந்தது? நம் ஏடுகளும் மறந்தன. இலக்கியத் திறனாய்வும் மறந்தது.

நோயாளியைப் பேணுபவரைப் பற்றி நம் பழைய கதைகள் பேசவில்லையா என்று கேட்பார்கள். பேசின. நளாயினியின் கதை தெரியாதவர் யார்? தொழுநோய் கொண்ட கணவனைக் கூடையில் சுமந்து, அவன் விரும்பிய தாசியின் வீட்டு வாயிலில் கொண்டுபோய்ச் சேர்த்த கதை! கதாகாலட்சேபத்தில் அதைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தவர்கள் பலர். அந்தக் கூடையின் எடை என்ன என்று கேட்டவர் எவர்? அன்று அவள் என்ன உண்டாள், அடுப்புக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் எவர்? கற்பு என்ற ஒரு சொல்லைப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டார்கள். உழைப்பைக் கற்பாக்கிவிட்டால் கூலி கேட்க வாயில்லை அல்லவா?

இந்தப் பழைய வழக்கைத் தலைகீழாகத் திருப்பிய எழுத்து ஒன்று தமிழில் உண்டு. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. 1943ஆம் ஆண்டு 'கலைமகள்' இதழில் வெளிவந்த சிறுகதை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்த பிரமநாயகம் பிள்ளை ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். குறைந்த சம்பளம். மனைவி செல்லம்மாளோ தீராத நோயாளி. இன்று எழுவாள், நாளை விழுவாள். அவரே சமைக்கிறார், அவரே மருந்து கொடுக்கிறார், அவரே அவளைத் தூக்கிக் கிடத்துகிறார். பிறகு கடைக்குப் போகிறார். அவள் கண்ணால் பார்த்து மகிழட்டும் என்று பண்டிகைக்குக் கடையிலிருந்து புடவைகளைக் கொண்டுவந்து காட்டுகிறார். ஊருக்குப் போகவேண்டும் என்று அவள் ஏங்குகிறாள். அந்த ஏக்கம் நிறைவேறுமுன்பே அவள் மூச்சு அடங்கிவிடுகிறது.

இக்கதையைப் புகழாத திறனாய்வாளர் அரியர். ஆனால் எதற்காகப் புகழ்கிறார்கள்? தம்பதியரின் அன்புக்காகப் புகழ்கிறார்கள். கணவனின் பொறுமைக்காகப் புகழ்கிறார்கள். சாவின் எதிரே கலங்காத மனத்துக்காகப் புகழ்கிறார்கள். கதையில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்பு என்று மட்டும் படித்தால் அது அரைப் படிப்பே என்பது நம் துணிபு.

கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது? பிரமநாயகம் பிள்ளை கடைக்குப் போனால் செல்லம்மாளுக்கு ஆள் இல்லை. அவர் வீட்டில் இருந்தால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லையென்றால் மருந்து இல்லை. மருந்து வேண்டுமானால் அவளை விட்டுப் போகவேண்டும். விட்டுப் போனால் மருந்து கொடுக்க ஆள் வேண்டும். இரவு வீடு திரும்பும் கணவன், நினைவிழந்து கிடக்கும் மனைவியைக் காண்கிறாரே, அந்தக் காட்சி வெறும் சோகக் காட்சியா? அன்று! ஓர் ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கவேண்டும் என்று வறுமை இட்ட கட்டளையின் காட்சி அது. செல்லம்மாளைக் கொன்றது நோய்தான். ஆனால் அவள் தனியே கிடந்தாளே, அந்தத் தனிமையைத் தந்தது நோயன்று, கூலி.

மனைவி இறந்தபின் அவர் ஏன் கதறவில்லை? கலங்காத ஞானம் என்கிறார்கள் சிலர். நாம் அப்படிப் படிக்கவில்லை. அது ஞானமன்று, களைப்பு. ஆண்டுக்கணக்கில் பகலில் கடையிலும் இரவில் கட்டிலருகிலும் நின்ற ஒருவனின் உடலில் அழுவதற்கு வேண்டிய வலுவும் மிஞ்சவில்லை. அதைத் துறவியின் மௌனமாக்கிப் போற்றுவது, பசித்தவனை 'நோன்பிருக்கிறான்' என்று போற்றுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இக்கதையில் பேணுபவர் ஆண். அதனால்தான் கதை நம்மை உலுக்குகிறது. கணவன் படுத்திருக்க மனைவி மருந்தூட்டியிருந்தால் அது கதையாகியிருக்குமா? "இதிலென்ன வியப்பு, அவள் கடமைதானே?" என்று பக்கத்தைப் புரட்டியிருப்போம். புதுமைப்பித்தன் ஆளை மாற்றி வைத்தார். மாற்றி வைத்ததும், இதுவரை கண்ணில் படாத வேலை கண்ணில் பட்டது. நளாயினியின் கூடையை ஓர் ஆணின் தலையில் ஏற்றியபோதுதான் கூடைக்கு எடை உண்டு என்பது நமக்குத் தெரிந்தது! இந்தக் கதையின் பெருஞ்சிறப்பு இதுவே என்போம்.

இக்கதையை நாம் கல்லூரியில் பாடமாகப் படித்தோம். தேர்வுக்கு எழுதினோம், மதிப்பெண் பெற்றோம். ஆனால் அதன் பொருளை விளக்கியவர் பேராசிரியர் அல்லர். பாம்பனுக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றபின், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வருகைப் பதிவேடுதான் அதை விளக்கியது.

அவள் ஒரே ஒழுங்கில் வராமல் இருந்தாள். சில நாள் தொடர்ந்து வருவாள். பிறகு சில நாள் தொடர்ந்து வரமாட்டாள். சோம்பல் என்று முதலில் நினைத்தோம். ஒருநாள் அழைத்துக் கேட்டபோது அவள் சொன்னாள்: "அம்மா பாசிக்குப் போயிருச்சு சார். அப்பத்தாவைப் பாக்க ஆள் வேணும்ல?"

பாசி என்றால் கடற்பாசி. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பெண்கள் அதைப் பறிக்கிறார்கள். 1986இல் அத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்தத் தொழிலுக்குக் கெடுபிடியும் மிகுதி. கடலும் காற்றும் இடங்கொடுக்கும் நாளில்தான் பாசி. பாசி உள்ள நாளில்தான் கூலி. பாசியிலிருந்து எடுக்கும் அகரும் அல்ஜினேட்டும் உணவுப் பண்டங்களில் சேர்கின்றன. மருந்து செய்யவும் பயன்படுகின்றன. மருந்துக்கு மூலப்பொருள் எடுக்கத் தாய் கடலில் மூழ்கும் நாளில், மருந்தூட்டுவதற்காக மகள் பள்ளியை விடுகிறாள்! கற்பனையில் எழுதினால் மிகை என்பார்கள். பதிவேட்டில் அது வெறும் சுழியாக இருக்கிறது.

தந்தை எங்கே என்று கேட்கலாம். விசைப்படகில். மாலையிலும் இரவிலும் அவர் கரையில் இல்லாத நாள் பல. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது அவர் வீட்டில் இருக்கிறார், கூலிதான் இல்லை. கடலுக்குத் தடைக்காலம் உண்டு. நோய்க்குத் தடைக்காலம் உண்டா?

அந்த அப்பத்தாவுக்கு வந்தது பக்கவாதம். ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டன. ஏன் வந்தது? இரத்தக் கொதிப்பு இருந்தது. மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "தலை சுத்துனா மட்டும் போட்டுக்கிடும்" என்றாள் பேத்தி. இதை அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாகாது. இரத்தக் கொதிப்பு வலிக்காது. காய்ச்சலைப் போல் படுக்க வைக்காது. குருதிக் குழாய்களை ஓசையின்றிக் கெடுத்துக்கொண்டே இருக்கும். வலிக்காத நோய்க்காக ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்தேறி, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கி வருவதை அன்றாடங்காய்ச்சி எப்படிக் கருதுவான்? இன்றைய கூலி கண்ணெதிரே இருக்கிறது. நாளைய வாதம் கண்ணுக்குத் தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரைக்கு விலை இல்லை, உண்மை. மாத்திரையை வாங்கப் போகும் நாளுக்கு விலை உண்டு. ஏழையின் நெடுநோய்க் கணக்கில் பெருஞ்செலவு மருந்தன்று, நாள்!

நோய் உடலில் வந்தால் இந்தக் கதை. மனத்தில் வந்தால்? அதற்கும் இக்கரையிலேயே சான்று இருக்கிறது. பாம்பனிலிருந்து மேற்கே, கீழக்கரையையும் தாண்டி, ஏர்வாடி.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியுமுன் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நாடு அதிர்ந்தது. ஆகஸ்டு 13இல் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். விசாரணை ஆணையம் அமைந்தது. 2007இல் காப்பக உரிமையாளர் உள்ளிட்டோருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் எவ்விடத்திலும் கூடாதெனத் தடுத்துவிட்டது.

வேண்டியவையே. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த 28 பேரும் குடும்பம் உடையவர்கள் அல்லவா? பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவர்களை ஏன் அங்கே விட்டுச் சென்றார்கள்? தர்காவின் அருளில் நம்பிக்கை ஒரு காரணம். அந்த நம்பிக்கையோடு வழக்காட நாம் இங்கே வரவில்லை. நம்பிக்கை மட்டுமே காரணமாயின், கும்பிட்டுவிட்டு நோயாளியோடு ஊர் திரும்பியிருப்பார்கள். திரும்பவில்லை, விட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஏன்? அன்று தமிழ்நாட்டில் இருந்த ஒரே அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில். இக்கரையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால், வயலுக்கும் கடலுக்கும் ஆலைக்கும் போகும் வீட்டில் பகலில் யார் காவல்? ஓர் ஆள் வேலையை விட்டால் அடுப்பு அணையும். இங்கேதான் பிரமநாயகம் பிள்ளையின் முடிச்சு மீண்டும் வருகிறது. அந்த முடிச்சை அவிழ்க்க முடியாத ஏழைகளுக்காகச் சந்தை கண்டுபிடித்த விடைதான் சங்கிலி. நான்காம் கூறு இல்லாத இடத்தில் இரும்பு வந்து உட்கார்ந்துகொண்டது! சங்கிலியைப் பூட்டியவரைத் தண்டித்தோம், சரி. அந்த இடம் வெற்றிடமாக இருந்ததே, அதற்கு யாரைத் தண்டிப்பது?

"ஏழையின் குடிசையில் வைத்து நெடுநோயைக் குணப்படுத்த முடியுமா? அது பெரிய மருத்துவமனையின் வேலை அல்லவா?" என்று கேட்போருக்கு உலகத்துக்கே பாடம் சொன்ன சான்று நம் தலைநகரில் இருக்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் காசநோய் விடுதியில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்தனர். மறு பிரிவினருக்கு அவரவர் நெருக்கமான வீட்டிலேயே மருந்து கொடுத்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ விடுதியில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர்! மருந்து தவறாமல் உள்ளே போனால் போதும். மாளிகை வேண்டியதில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டது. உலக நாடுகள் பலவும் விடுதிகளை விட்டு வீட்டுச் சிகிச்சைக்குத் திரும்ப அதுவே வழிகாட்டிற்று.

இதில் ஒரு வேதனையும் கலந்திருக்கிறது. காசநோய்க்கு முதல் பெருமருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். 'செல்லம்மாள்' வெளிவந்த அதே ஆண்டு. அக்கதையை எழுதிய கை 1948இல் காசநோயால் ஓய்ந்தது. மருந்து உலகில் இருந்தது. எழுத்தாளனின் வாயிலுக்கு வரவில்லை. கண்டுபிடிப்புக்கும் ஏழையின் வாயிலுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் நாம் 'விதி' என்று அழைத்து வருகிறோம்.

அந்தத் தூரத்தைக் குறைக்க நாடு ஒன்றும் செய்யவில்லை என்பது பொய். 2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைக்கும் அறுவைச் சிகிச்சை கிட்டியது. 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டு வாயிலுக்கே வருகிறது. இயன்முறைப் பயிற்சி கொடுப்பவரும் வருகிறார். 2022இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடிய நிலை மாறத் தொடங்கியது. மாத்திரை மட்டும் சில ஆண்டு முந்தி வந்திருந்தால் அந்த அப்பத்தா இன்று தன் காலில் நடந்திருக்கக் கூடும். இவற்றைப் பாராட்டாமல் குறை மட்டும் கூறுவது திறனாய்வன்று, வசை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மருத்துவர் வந்தார். மருந்தும் வந்தது. நோயாளியின் பெயர் பதிவாயிற்று. மூன்று கூறும் ஒருவாறு நிறைந்தன. மாத்திரையை எடுத்து வாயில் போடுவது யார்? கிழவியைப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பது யார்? 13 வயதுச் சிறுமி! அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. அதற்குப்பின் பல்லாண்டு திண்ணையில் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் கூலிக்குக் காப்பீடு எங்கே? உடற்குறையுற்றோர் உரிமைச் சட்டம் 2016, மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பேணுநர் படி வழங்கும் திட்டத்தைப் பற்றிப் பேசத்தான் செய்கிறது. சட்டத்தில் எழுதிய சொல், கரையோரக் குடிசையின் அடுப்பில் உலையாகக் கொதிக்க வேண்டாமா?

பேணுபவருக்குப் பணமா, பாசத்துக்கு விலையா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. மேல்நாட்டிலும் சுளித்தார்கள். பிரிட்டன் 1976இல் நோயாளியைப் பேணுவோருக்கு உதவித்தொகை கொண்டுவந்தது. ஆனால் மணமான பெண்களுக்கு மட்டும் அது இல்லை! வீட்டில் இருந்து பேணுவது அவள் கடமைதானே என்பது வாதம். பத்தாண்டு கழிந்து, 1986இல், ஒரு பெண் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றபின்தான் அந்த வேற்றுமை நீங்கியது. நளாயினி நம் நாட்டில் மட்டும் பிறந்தவள் அல்லள் என்பது தெரிகிறதல்லவா?

பாசத்துக்கு விலை கேட்கவில்லை. பாசத்தால் இழந்த நாளுக்கு ஈடு கேட்கிறோம். ஊர்தோறும் நோயாளிகளின் பட்டியல் எடுக்கும்போது, அருகில் இருப்பவர் யார், அதனால் அவர் இழப்பது கூலியா பள்ளியா என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறோம். தாய் பாசிக்குப் போகும் நாளில் பகற்பொழுது முதியோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஓர் இடமும், பயிற்சியும் கூலியும் பெற்ற இரு பெண்களும் இருந்தால், எத்தனை சிறுமியர் வகுப்பில் இருப்பார்கள்! இது வானத்து நிலவைக் கேட்பதாகுமா?

எழுத்தாளர்க்கும் ஒரு சொல். புதுமைப்பித்தன் ஒரு வீட்டின் கதவைத் திறந்து காட்டினார். அவர் ஜவுளிக்கடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வெளியே நின்ற உலகைப் பார்த்து வினா எழுப்பவில்லை. அது அவர் குறையென்று சொல்வாரோடு நாம் சேரமாட்டோம். காயத்தைக் காட்டுவது கலைஞன் கடன். கட்டுவது நம் கடன். ஆனால் அக்கதை வந்து 80 ஆண்டு கடந்தும், திறனாய்வு அந்தக் காயத்தைப் 'பொறுமையின் பேரழகு' என்று மாலையிட்டு வைத்திருப்பதைத்தான் மறுக்கிறோம். நோயாளியைப் பற்றி எழுதும்போதெல்லாம் அருகிலிருப்பவரின் அன்றைய கூலி என்னவாயிற்று என்ற கேள்வியையும் எழுதுங்கள். அந்தக் கேள்வி இல்லாத உருக்கம் வெறும் ஈரக்காற்று.

திங்கள் முடிவில் பதிவேட்டைக் கூட்டி எழுதவேண்டியது நம் வேலை. வராத நாட்களுக்கு எதிரே காரணம் எழுதச் சிறு இடம் உண்டு. அந்த மாணவியின் பெயருக்கு நேரே இதுவரை 'உடல்நலக் குறைவு' என்று எழுதி வந்தோம். யார் உடல்நலம்? அவளுக்கு ஒரு நோயும் இல்லை. இனி அப்படி எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். 'வேலைக்குச் சென்றாள், கூலி இல்லை' என்று எழுதப்போகிறோம். மேலதிகாரி காரணம் கேட்டால், 95ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துக் காட்டுவோம்.